உப்பளக் கரையில் பனிமலைக் கூடாரம்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்குப் பயிற்சி வகுப்பில் நிறையச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். விருந்தினர் புழுக்கம் என்றால் என்ன செய்வது, கொசு என்றால் என்ன செய்வது, பக்கத்துக் கூடாரத்தில் குறட்டை என்றால் என்ன செய்வது என்றெல்லாம். 'இங்கே குளிரவே இல்லை, இது என்ன ஏமாற்று வேலை?' என்று ஒருவர் சண்டைக்கு வந்தால் என்ன செய்வது என்று மட்டும் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள். எனக்கு அந்தப் புகார் வந்தது. மரக்காணத்தில்.

நான் கோட்டக்குப்பத்துக்காரன். வளைகுடாவில் பாலைவனச் சுற்றுலா முகாம்களில் பல வருடம் கூடாரம் அடித்துவிட்டு, ஊர் திரும்பி, உப்பளத்துக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் இந்த முகாமில் இரவு மேலாளராகச் சேர்ந்தேன். இப்போது ஓய்வு. 'புதுப் பசங்களுக்கு மோட்டிவேஷனா ஏதாவது எழுதிக் குடுங்க பாய்' என்றார் முதலாளி. ஊக்கம் கொடுக்கும் கலை எனக்குக் கைவராது. நடந்ததைச் சொல்ல வரும். இதில் அவரும் வருகிறார். அவர் படிப்பார் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

நம் முதலாளி நல்லவர். அவரிடம் இருக்கும் ஒரே வியாதி, போனில் எதைப் பார்த்தாலும் வாங்கிவிடுவது. அப்படி வாங்கியதுதான் அந்த வெள்ளைக் கூடாரம். நாலு பக்கமும் ஆள் உயரத்துக்குச் சுவர் மாதிரி நேராக நிற்கும் கித்தான் துணி, மேலே சரிந்த கூரை. ஒரு மூலையில் தகர அடுப்பு. அதன் புகை வெளியே போக, கூரையைத் துளைத்துக்கொண்டு ஒரு குழாய். பனி கொட்டும் நாடுகளில் வேட்டைக்குப் போகிறவர்கள் தங்கும் கூடாரம். மார்கழியிலும் ஒரு துண்டைத் தோளில் போட்டால் குளிர் போய்விடும் நம் கடற்கரையில் அதை நிறுத்திவிட்டு, 'எப்படி இருக்கு பாய்?' என்று கேட்டார். 'வெள்ளையா இருக்கு சார்' என்றேன். பொய் சொல்லக் கூடாது இல்லையா?

அதற்கும் கார்த்திகையில் ஆள் வந்தார்கள். சென்னையில் ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பின் காலை நடைக் குழு. பொங்கலுக்குப் பிறகு வடக்கே பனிமலைக்குப் போகப்போகிறார்களாம். அதற்கு முன்னால், குளிரில் கூடாரத்தை ராத்திரி முழுக்க எப்படிச் சூடாக வைத்திருப்பது என்று பயிற்சி எடுக்க வேண்டுமாம். அவர்களுடைய தலைவரை எல்லோரும் கேப்டன் என்றே கூப்பிட்டார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. கப்பலிலோ ராணுவத்திலோ இருந்தவரா என்று விசாரித்தேன். குடியிருப்பின் கிரிக்கெட் அணிக்கு ஒரு வருடம் கேப்டனாக இருந்தாராம்.

மொத்தம் ஏழு பேர். கார்களிலிருந்து இறங்கும்போதே தடித்த பஞ்சு ஜாக்கெட், கம்பளித் தொப்பி, கையுறை. வரவேற்பில் நாங்கள் கொடுத்த இளநீரைக் கையுறையோடு பிடிக்க முடியாமல் ஒருவர் நழுவவிட்டார். கேப்டன் கூடாரத்துக்குள் போனார், வெப்பமானியைப் பார்த்தார், வெளியே வந்தார்.

"என்ன பாய் இது? குளிரவே இல்லையே. வின்டர் கேம்ப்னு போட்டிருக்கீங்க?"

"சார், இது மரக்காணம்."

"அது எங்களுக்கும் தெரியும். நாங்க பணம் கட்டியிருக்கோம்ல?"

முதலாளிக்குப் போன் போட்டேன். விருந்தினர் கேட்டு இல்லை என்று சொல்லும் பழக்கம் அவருக்குக் கிடையாது. மதியத்துக்குள் கிளியனூர்ப் பக்கத்திலிருந்து ஒரு லாரி வந்தது. கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளைக்கு வியர்க்காமல் இருக்க மேடையோரம் நிறுத்துவார்களே, ஆளுயரக் குளிர்சாதன இயந்திரம், அதில் இரண்டு. கூடாரத்தின் ஒரு கோடியில் அவை இரண்டும் குளிரை ஊத, மறு கோடியில் தகர அடுப்பில் சவுக்குக் கட்டை எரிய, நடுவில் ஜாக்கெட் போட்ட மனிதர்கள் உட்கார்ந்து எந்தப் பக்கம் ஜெயிக்கிறது என்று வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் சமையல் பொறுப்பாளர் செல்வி, கீழ்புத்துப்பட்டுக்காரம்மா, டீ கொடுக்கப் போய்விட்டுத் திரும்பி வந்து என்னிடம் கேட்டாள்.

"ஏன் பாய், அந்த ரெண்டு மெஷினையும் நிறுத்திட்டா, அடுப்பும் வேணாம் ஜாக்கெட்டும் வேணாமே?"

"அதை வெளிய சொல்லிடாத செல்வி. நம்ம ரெண்டு பேருக்கும் வேலை இருக்காது."

அந்தக் குழுவில் ஒரே ஒருவர் மட்டும் ஜாக்கெட் போடவில்லை. தோல் மருத்துவரான ஒரு அம்மா. ஐம்பது வயது இருக்கும். கேப்டன் அவருடைய காரில்தான் வந்திருந்தார். 'நான் சும்மா கூட வந்தேன் பாய். எனக்கு ட்ரெய்னிங் வேணாம், தூக்கம் போதும்' என்று சொல்லி, பக்கத்தில் இருக்கும் ஓட்டு அறையில் மின்விசிறியைப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார்.

கூடாரத்தைச் சூடாக வைப்பதைப் பற்றி எனக்குத் தெரிந்ததை மாலையில் கேப்டனிடம் சொன்னேன். பாலைவனத்தில் தை மாதக் குளிர் எலும்புக்குள் போகும். அங்கே நாங்கள் கூடாரத்தைச் சூடாக்கப் பாடுபட மாட்டோம், உள்ளே படுத்திருக்கும் ஆளைத்தான் சூடாக வைப்போம். கட்டிலைத் தரையிலிருந்து உயர்த்தி, அடியில் ஒரு பாய். காய்ந்த உடுப்பு, காய்ந்த காலுறை. போர்வைக்குள் வெந்நீர் பை. அடுப்பைப் படுக்கும் வரை எரியவிட்டு அணைத்துவிடுவது. மேலே ஒரு துவாரம், கீழே ஒரு துவாரம் எப்போதும் திறந்திருக்க வேண்டும்.

கேப்டன் பொறுமையாகக் கேட்டார். பிறகு சிரித்தார்.

"துவாரத்தைத் திறந்து வெச்சா சூடு வெளிய போயிடும் பாய். பிசிக்ஸ்."

பிசிக்ஸ் என்று ஒருவர் சொல்லிவிட்டால் நம் தொழிலில் அதற்கு மேல் பேச இடமில்லை. இரண்டு துவாரங்களையும் நான் கையாலேயே திறந்து காட்டிவிட்டு வந்தேன். நான் வந்ததும் அவர்கள் மூடினார்கள். மூடியது மட்டுமில்லை, ஒட்டு நாடா போட்டு ஒட்டினார்கள். சுவர்த்துணியின் அடியில் காற்று வராமல் இருக்க, எங்கள் கிடங்கில் கிடந்த பழைய உப்புச் சாக்குகளில் மணலை நிரப்பி வரிசையாக அடுக்கினார்கள். கேப்டன் எங்களுக்கு ஓர் உத்தரவும் போட்டார். காலை வரை எந்த ஊழியரும் கூடாரத்துக்குப் பக்கத்தில் வரக் கூடாது. உள்ளிருந்து கூச்சல் கேட்டாலும் வரக் கூடாது. பனிமலையில் உதவிக்கு யார் வருவார்கள்?

இரவுச் சாப்பாடு முடிந்த கொஞ்ச நேரத்தில் வடகிழக்கிலிருந்து காற்று எழுந்தது. வங்கக் கடலில் ஏதோ ஒரு தாழ்வு நிலை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள், அதன் வால் எங்கள் மேல் வந்து விழுந்தது. மழை படுக்கை வாட்டில் அடித்தது. மின்சாரம் போயிற்று. ஜெனரேட்டரில் தண்ணீர் இறங்கி அதுவும் நின்றது. அந்த மாதத்தில் நம் உப்பளம் உப்பளமாக இருக்காது, பாத்தி வரப்பெல்லாம் முழுகி ஏரியாகத்தான் கிடக்கும். அந்த ஈரத்தின் மேல் காற்று வந்தபோது நிஜமாகவே குளிர்ந்தது. இரண்டு இயந்திரம் வாடகைக்கு எடுத்தும் வராத குளிர், இலவசமாக வந்து நின்றது. கேப்டனுக்கு இனி புகார் இருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் செல்வி குடையைப் பிடித்துக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடி வந்தாள்.

"பாய், கறி சுடற பார்பெக்யூ தட்டக் காணோம். கரி மூட்டையும் இல்ல."

"யார் எடுத்தா?"

"கேப்டன் சார் ஆளுங்க ரெண்டு பேர் வந்து அள்ளிக்கினு போனாங்களாம். அடுப்புக் குழாய்ல காத்து அடிச்சி, புகை எல்லாம் உள்ளயே திரும்பி வருதாம். அதான் கட்டைய அணைச்சிட்டு, புகையில்லாத நெருப்பு வேணும்னு கிச்சன் பையன்கிட்ட கரி கேட்டாங்களாம். பாய் குடுக்கச் சொல்லிட்டாருன்னு வேற சொல்லியிருக்காங்க."

நான் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அதைப் பற்றிக் கோபப்பட நேரமில்லை. தணலாக எரியும் கரியில் புகை வராது. கண் எரியாது, இருமல் வராது. அதனால்தான் அதை நம்பி ஏமாறுகிறார்கள். அதிலிருந்து வரும் விஷவாயுவுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. அடைத்த இடத்தில் முதலில் தலை வலிக்கும், பிறகு தூக்கம் வரும். குளிருக்கு இதமாகத் தூக்கம் வருகிறது என்று படுத்தவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள்.

பாலைவன முகாமில் எங்களுக்கு ஒரு மேஸ்திரி இருந்தார். குளிர்காலத்தில் ராத்திரி ரோந்து போகும்போது, மூடியிருக்கும் கூடார வாசலையெல்லாம் காலால் எத்தித் திறந்துவிட்டுப் போவார். உள்ளே படுத்திருக்கும் பணக்காரர்கள் எல்லா மொழிகளிலும் அவரைத் திட்டுவார்கள். 'உங்களுக்கு இது தேவையா?' என்று ஒருமுறை கேட்டேன். 'திட்டு கேக்குதா? அப்ப மூச்சு இருக்கு. அடுத்த கூடாரத்துக்குப் போ' என்றார். மேலாண்மை பற்றி நான் கேட்ட ஒரே வகுப்பு அதுதான்.

செல்வியும் நானும் மழையில் ஓடினோம். போகிற வழியில் முதலாளியின் போன். புதுச்சேரியில் ஒரு வரவேற்பில் இருந்தார், பின்னால் நாதஸ்வரம் கேட்டது.

"பாய், மழையாமே? கெஸ்ட்டெல்லாம் ஹாப்பியா?"

"சார், கூடாரத்துக்குள்ள கரி கொளுத்தி வெச்சிருக்காங்க. எல்லாரையும் வெளிய எடுக்கப் போறேன்."

"அய்யய்யோ, டிஸ்டர்ப் பண்ணாதீங்க பாய்! அவங்க ஃபைவ் ஸ்டார் குடுக்கற மூட்ல இருக்காங்க. காலையில பேசிக்கலாம்..."

போனை அணைக்கவில்லை. அப்படியே சட்டைப் பையில் போட்டேன். அதன் பிறகு நடந்ததையெல்லாம் அவர் நாதஸ்வரத்தோடு சேர்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கூடாரத்தின் வாசல் ஜிப் உள்பக்கமாகப் போடப்பட்டிருந்தது. துணியைத் தட்டினேன்.

"சார்! உடனே வெளிய வாங்க. கரி நெருப்பு ஆபத்து. உயிருக்கு ஆபத்து!"

உள்ளே யாரோ சிரித்தார்கள். "டெஸ்ட் பண்றாங்கப்பா. கேப்டன் சொன்னாருல்ல, யாரு கூப்பிட்டாலும் திறக்காதன்னு."

"டெஸ்ட் இல்ல சார். சத்தியமா சொல்றேன். யாருக்காவது தலை வலிக்குதா?"

"வலிக்குது. அது ஆல்டிட்யூட்" என்றது இன்னொரு குரல். குழறலாக வந்தது. கடல் மட்டத்திலிருந்து எங்கள் கூடாரம் எவ்வளவு உயரம் என்று கேட்டால், பெரிய அலை வந்தால் நனையும் உயரம்.

ஆபத்தை அனுபவிக்கப் பணம் கட்டியவர்களிடம் போய் ஆபத்து என்று சொன்னால், வாங்கிய பொருள் சரியாக வந்து சேர்ந்த திருப்திதான் அவர்களுக்கு வரும். உண்மையைச் சொல்லியாகிவிட்டது, வேலை செய்யவில்லை. இன்னொரு முறை அதே உண்மையை இன்னும் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது செல்வி என்னைத் தள்ளிவிட்டு, இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்தினாள்.

"கார் நிக்கற எடத்துல தண்ணி ஏறுது! கார் முழுவுது! கார் முழுவுது சார்!"

ஜிப் ஒரே இழுப்பில் திறந்தது. அவ்வளவு வேகமாக ஒரு ஜிப் திறந்ததை என் தொழிலில் நான் பார்த்ததில்லை. ஒருவர் மேல் ஒருவர் விழுந்து வெளியே வந்தார்கள். ஒருவருக்குக் கால் துவண்டது, அப்படியும் சாவியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு தவழ்ந்தார். மழையில் தள்ளாடிக்கொண்டு கார் நிறுத்தும் இடத்தைப் பார்த்து ஓடினார்கள்.

நான் எண்ணினேன். ஐந்து பேர்தான். டாக்டர் தவிர ஆறு பேர் உள்ளே படுத்தவர்கள்.

"செல்வி, கேப்டன் வரல!"

அவருக்குத்தான் கார் இல்லையே. அவர் ஏன் ஓடி வருவார்?

வாசலில் தலையை விட்டேன். வெக்கை முகத்தில் அறைந்தது. நடுவில் தட்டு நிறையச் சிவப்புத் தணல், எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா! கேப்டனின் கட்டில் அதற்கு அந்தப் பக்கம், கடைசிக் கோடியில் இருந்தது. இடையில் கட்டில்கள், பைகள், அந்த இரண்டு இயந்திரங்கள். அதையெல்லாம் தாண்டிப் போய் ஒரு பெரிய ஆளை இழுத்து வருவதற்குள் நானும் அங்கேயே படுத்துவிடுவேன். சுற்றி ஓடினோம். பின்சுவரைத் தூக்கப் பார்த்தோம், மணல் சாக்குகள் விடவில்லை. செல்வி சமையலறைக்கு ஓடித் தேங்காய் வெட்டும் அரிவாளைக் கொண்டுவந்தாள்.

என் சட்டைப் பைக்குள்ளிருந்து முதலாளியின் குரல் கேட்டது. "பாய்? என்ன சத்தம் அது? பாய், அது இம்போர்ட்டட்..."

செல்வி மேலிருந்து கீழ்வரை ஒரே கிழியாகக் கிழித்தாள். நான் தலையை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு உள்ளே கையை நீட்டி, கேப்டனின் ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்தேன். அவர் கட்டிலோடு சாய்ந்து, உருண்டு, ஈர மணலில் வந்து விழுந்தார். அதற்குள் காற்று கிழிசல் வழியாக உள்ளே புகுந்துகொண்டது. கூடாரம் ஒரு முறை பெருமூச்சு விட்டது போல் உப்பி, முளைகளைப் பிடுங்கி, மணல் சாக்குகளை உதறிக்கொண்டு எழுந்து, வெள்ளையாகப் பறந்து போய் உப்பளத் தண்ணீரில் விழுந்தது. மழை தணலின் மேல் கொட்டிச் சீறியது.

கேப்டன் அசையவில்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பதில் இல்லை. சத்தம் கேட்டு டாக்டர் இரவு உடுப்போடு ஓடி வந்தார். மணலில் மண்டியிட்டு, கழுத்தில் விரல் வைத்து, கண் இமையைத் தூக்கிப் பார்த்தார்.

"நான் பரு, தேமல் பாக்கற டாக்டர் பாய். ஆனா நாடி இருக்கா இல்லையான்னு தெரியும். இருக்கு. மூச்சும் இருக்கு. ஆக்சிஜன் வேணும், உடனே. என் கார எடுக்கறேன், பின் சீட்ல ஏத்துங்க."

அந்த நேரம் பார்த்து, கார்களைத் தேடிப் போன ஐந்து பேரும் திரும்பி வந்தார்கள். கடும் கோபத்தில் இருந்தார்கள்.

"என்னய்யா பொய் சொல்றீங்க? அங்க சொட்டுத் தண்ணி இல்ல! தூங்கற மனுஷன..." என்று ஆரம்பித்தவர், பாதியில் குனிந்து வாந்தி எடுத்தார். நிமிர்ந்து வாயைத் துடைத்தபோதுதான் மணலில் கிடந்த கேப்டனைப் பார்த்தார். இன்னொருவர் மெதுவாக, "எனக்கும் தலை சுத்துதும்மா" என்று டாக்டரிடம் சொன்னார், பள்ளிக்கூடப் பிள்ளை டீச்சரிடம் சொல்வது போல.

"எல்லாரும் ஆஸ்பத்திரிக்கு. ஒருத்தரும் கார் ஓட்டக் கூடாது" என்றார் டாக்டர். ஐந்து பேரும் அரை மனதாகச் சாவிகளைச் செல்வியிடம் கொடுத்தார்கள். நான் முகாமின் வேனில் அவர்களை ஏற்றிக்கொண்டு, டாக்டர் காரின் பின்விளக்கைப் பார்த்தபடி கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டினேன். அந்தச் சாலையில் ஆயிரம் முறை போயிருக்கிறேன். அன்றைக்குப் போல் அது நீண்டதில்லை. வேனில் ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. மழை உள்ளே அடித்தது. குளிருகிறது என்று ஒருவர்கூட வாய் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் மற்றவர்கள் சீக்கிரம் தெளிந்துவிட்டார்கள். கேப்டன் கண் திறக்க விடிந்துவிட்டது. முகத்தில் ஆக்சிஜன் மூடி. நான் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, மூடியைக் கொஞ்சம் விலக்கினார்.

"மத்தவங்க?"

"நல்லா இருக்காங்க சார். கேன்டீன்ல இட்லி சாப்புடறாங்க."

கண்ணை மூடிக்கொண்டார். கண்ணோரம் நனைந்தது. பிறகு, யாராவது கேட்கிறார்களா என்று பார்த்துவிட்டுச் சொன்னார்.

"பாய், எனக்குக் குளிருன்னாலே பயம். சின்ன வயசுல நிமோனியா வந்து பொழைச்சவன். என் பொண்ணு பனி கொட்டற நாட்டுல இருக்கா. மாசமா இருக்கா. மாசில பிரசவம். அவ அம்மா இருந்திருந்தா போயிருப்பா. நீ வாப்பாங்கறா. முடியாதுன்னு எப்படிச் சொல்றது? பயமா இருக்குன்னும் சொல்ல முடியல. அதான் பனிமலைக்குப் போகலாம், ட்ரெய்னிங் எடுக்கலாம்னு எல்லாரையும் கெளப்பினேன். கூட்டத்தோட இருந்தா தைரியம் வரும்னு..."

அந்த மனிதரைப் பார்த்து நேற்று முழுக்க உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்தவன் நான். இப்போது சிரிப்பு வரவில்லை.

"சார், குளிருக்குப் பயப்படறது தப்பே இல்ல. பயந்தவன் நாலு ஸ்வெட்டர் எடுத்துக்கினு போவான். நீங்க கரிய எடுத்துக்கினு போனீங்க. அவ்ளோதான்."

மூடியை மறுபடி வைத்துக்கொண்டு அவர் சிரித்தது, அதன் உள்பக்கம் ஆவி படிந்ததில் தெரிந்தது.

முதலாளி காலையில் வந்தார். பழத்தட்டோடு வந்தார், எல்லோரிடமும் கை கூப்பினார். என்னைத் தனியாக அழைத்துப்போனார். திட்டுவார் என்று நினைத்தேன். "போன்ல எல்லாம் கேட்டேன் பாய். அரிவாள் சத்தம் வரைக்கும்" என்றார். அந்த வாரத்திலேயே கூடாரங்களில் கரியும் அடுப்பும் கூடாது என்று அவராகவே பலகை எழுதி மாட்டினார். அடுத்த வாரம் 'அவசர மீட்புப் பயிற்சி' என்று ஒரு புதிய தொகுப்பை அறிவிக்கலாமா என்று கேட்டார். மனிதர் முழுக்கத் திருந்திவிட்டாரோ என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன், அது தீர்ந்தது.

இணையத்தில் மதிப்புரைகளும் வந்தன. ஒருவர் ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்திருந்தார். 'ஊழியர்கள் பொய் சொல்லித் தூக்கத்திலிருந்து எழுப்பினார்கள். என் காருக்கு ஒன்றும் ஆகவில்லை' என்று எழுதியிருந்தார். செல்வி அதை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள். "உசுரோட இருந்துக்கினுதான எழுதியிருக்காரு? நல்லா இருக்கட்டும்" என்றாள்.

உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது கொஞ்சம்தான். நெருக்கடியில் உண்மையைச் சொல்வது உங்கள் கடமை, ஆனால் அதோடு கடமை முடிந்துவிடாது. எதிரில் இருப்பவரின் கால் எந்த வார்த்தைக்கு நகரும் என்று யோசியுங்கள். எனக்கு அது தோன்றவில்லை, செல்விக்குத் தோன்றியது. உங்களில் யாருக்குத் தோன்றினாலும் மேலாளரைத் தள்ளிவிட்டுக் கத்துங்கள். எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள் என்று தோன்றும்போது நின்று தலைகளை எண்ணுங்கள். கிழிக்க வேண்டிய துணியைக் கிழித்துவிட்டு, விலையைப் பிறகு கேளுங்கள்.

கேப்டன் பனிமலைக்குப் போகவில்லை. மகளிடம் போனார். மாசியில் எனக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினார்.

"பாய், பேரன் பொறந்திருக்கான். வெளிய முட்டி அளவு பனி. ஆனா வீட்டுக்குள்ள ஹீட்டர் போட்டு, நான் பனியனோட உக்காந்திருக்கேன். வேர்க்குது பாய்! இங்க யாரும் கூடாரத்துல இல்ல."

பின்னால் குழந்தை அழுவது கேட்டது. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். தினமும் எல்லோரும் படுத்த பிறகு எழுந்து போய், ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து வைக்கிறாராம். மாப்பிள்ளை எழுந்து வந்து மூடிவிடுகிறாராம். அவர் தூங்கியதும் இவர் மறுபடி போய்த் திறக்கிறாராம்.